ஸ்டார் போடாத ‘ஊர்’

எங்கள் பாகூர் பக்கத்தில் குழந்தை முதல் குடை வரை எதற்குப் பெயர் வைத்தாலும், என் பக்கத்து மேஜைக்காரன் ஸ்டாரைக் கேட்காமல் வைத்தால் வம்புதான். சொந்த அக்கா குழந்தையின் பெயர்சூட்டு விழாவிலேயே, “இந்தப் பேர்ல தெருவுல ஏற்கெனவே மூணு பேர் கீறாங்க, மோதும்” என்று பந்தியை நிறுத்தியவன்.

தவளக்குப்பத்தில் பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஊர் ஊராக நெல் அறுக்கும் மெஷினை அனுப்புவதற்கான புரோகிராமை லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதினோம். அதில் புரோகிராம் முழுக்கப் பொதுவான பெயருக்கு இருபுறமும் நட்சத்திரக் குறி போடுவார்கள். மற்றவர்களுக்கு அது வழக்கம். ஸ்டாருக்கு மதம்; பட்டப்பெயரே அதில் வந்ததுதான்.

ஒருநாள் முதலாளி நாற்காலியில் *முதலாளி* என்று சீட்டு ஒட்டிவிட்டான்.

“இன்னாடா இது?” என்றார் அவர்.

“நீங்க குந்தியிருந்தா நீங்க முதலாளி சார். வெளிய போனா அதுல குந்துறவரு முதலாளி, எல்லாரும் அவரு பேச்சத்தான் கேக்கணும். திரும்பி வந்தீங்கன்னா மறுபடி நீங்கதான். ஸ்டார் போட்ட பேரு அப்டித்தான்.”

அவர் சீட்டைக் கிழித்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

நான் அவனைவிடப் பத்து வயது மூத்தவன், ஆனால் வேலைக்குப் புதுசு. வேலை நிரந்தரமாவதற்கு ஒரு வாரம் பாக்கி. மெஷின் போகவேண்டிய இடத்துக்குப் பொதுப் பெயராக ‘ஊர்’ என்று வைத்தேன். ஸ்டார் போடச் சோம்பல். பிறகு வேறோர் இடத்தில், சோதித்துப் பார்க்க, அதே ‘ஊர்’ செலியமேடு என்று எழுதினேன். நட்சத்திரக் குறி இருந்திருந்தால் அது பொதுப் பெயர் என்று கண்ணில் பட்டிருக்கும்; இல்லாததால் அந்த இடத்தோடு போகும் என்று நினைப்பு. அங்கிருந்து புரோகிராம் கூப்பிட்ட மற்ற வேலைகளெல்லாம் அதையே நம்பிவிட்டன.

மறுநாள் பண்டசோழநல்லூரில் கதிர் சாய்ந்து நிற்க, மேகம் இருட்ட, மெஷின் செலியமேட்டில் முந்தாநாள் நட்ட வயலோரம் போய் நின்றது. “நாத்தயாபா அறுக்கணும்?” என்று டிரைவர் போனில் கேட்டார்.

ஸ்டார் என் திரையைப் பார்த்தான். “ஸ்டார் போட்டீங்களாண்ணா?”

“இல்லப்பா.”

அவன் திட்டவில்லை. ஸ்கூட்டரில் போய், மெஷினுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டே பண்டசோழநல்லூரில் கொண்டு சேர்த்தான். மழைக்கு முன் அறுத்தாகிவிட்டது.

சேறும் சகதியுமாக அவன் மாடியேறியபோது முதலாளி கத்திக்கொண்டிருந்தார். “எவன்டா அந்தப் பேர வெச்சது? இன்னியோட வூட்டுக்குப் போவட்டும்.”

நான் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

“நான்தான் சார்,” என்றான் ஸ்டார்.

“நீயா? ஸ்டார் இல்லாமயா?”

“மறந்துட்டேன் சார்.”

பழைய ஆள் என்பதால் திட்டோடு விட்டார். ஆபீஸ் மட்டும் ஒரு வருஷம் அவனைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நான் நிரந்தரமானேன்.

பெயர் விஷயத்தில் அவன் சொன்ன ஒரே பொய் அது. இன்று அச்சிலேயே திருத்திவிடுகிறேன்: அந்தப் பெயரை வைத்தது நான். தம்பி, பக்கத்து மேஜையில் நீ இருந்தது என் பாக்கியம்.