எட்ட நின்று பேசும் பாஷை

அன்புள்ள அன்னப்பூரணி அக்காவுக்கு, ஆரையம்பதியிலிருந்து தம்பி கோணாமலை எழுதுவது. நீங்களும் அத்தானும் வந்தாறுமூலையில் சுகமாக இருக்கக் கண்ணகை அம்மன் துணை நிற்பாளாக. என் சுகத்தைக் கேட்க வேண்டாம், அது கெட்டுப் பத்து நாளாகிறது. போனில் சொன்னால் மகளின் காதில் விழும் என்பதால்தான் கடிதம்.

என் மகள், உங்கள் மருமகள் கேதீஸ்வரி, ஜப்பானில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்காக அந்தப் பாஷை படிப்பது தெரியும்தானே. அதில் சொல்பவருக்குக் கிட்ட இருப்பதற்கு ஒரு சொல், கேட்பவருக்குக் கிட்ட இருப்பதற்கு ஒரு சொல், இருவருக்கும் எட்ட இருப்பதற்கு இன்னொரு சொல். எட்டச் சொல்லைப் பழக ஆள் வேண்டுமென்று என்னை வாவிக்கரையில் நிறுத்திவிட்டு, அவளும் தாய் புஸ்பமும் வாசலில் நின்று என்னைச் சுட்டிச் சுட்டிப் படித்தார்கள், வெயிலில் ஒரு மணித்தியாலம். தோணியில் வந்த மஜீட், "என்ன கோணாமலை, ஊட்டால கலைச்சுப் போட்டாளுகளா?" என்றார். ஓம் என்றிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும். படிப்புக்காக நிற்கிறேன் என்றேன், இப்போது கரை முழுக்கச் சிரிப்பு. இருவரும் சேர்ந்து நினைக்கும் பழைய நாளுக்கும் அந்த எட்டச் சொல்தானாம். நான் அவளைத் தோளில் தூக்கிக் கோயிலுக்குப் போன நாளை அந்தச் சொல்லால் சொல்லிக் காட்டினாள்.

பிறகு மரியாதைப் பேச்சு. மனம் எவ்வளவு எட்டமோ அவ்வளவு மரியாதையாம். பழகுவதற்காக வீட்டிலும் "தயவுசெய்து தேநீர் அருந்துவீர்களா" என்று தொடங்கினாள். நம் வீட்டில் மரியாதை வந்தால் சண்டை என்று அர்த்தம். உங்கள் மச்சாள் புஸ்பம் என்னோடு கோபமென்றால் சுவரைப் பார்த்து, "சோறு போட்டிருக்காம், விருப்பமெண்டாத் திங்கட்டாம்" என்பாள். ஆகவே மகளுக்கு நம்மேல் கோபம் என்று அழுது, இரண்டு நாள் இறால் பொரித்துச் சமாதானம் பேசினாள்.

போன புதன் காணொளியில் நேர்முகப் பரீட்சை. அவளுக்கு வேலை கொடுக்கவிருந்த ஜப்பான் முதியோர் இல்லத்தை நடத்தும் பெரியவர் என்னையும் பார்க்க விரும்பினார். ஒரு வணக்கம் சொல்லித் தலை குனிந்தால் போதுமென்று மகள் ஒரு கிழமை பழக்கியிருந்தாள். நானோ, பாவி, வாய் தவறி, அவள் படிக்கக் கேட்டுப் பாடமான அந்தப் பாஷையிலேயே, வீட்டுப் பிள்ளைகளோடு மட்டும் பேசும் பேச்சில், சாப்பிட்டியா, ஏன் இப்படி மெலிஞ்சு போனாய் என்று கேட்டுவிட்டேன். திரை அணைந்தது. "அப்பா, என்ன வேல செஞ்சு போட்டீங்க" என்று அழுதவள், அன்று முதல் என்னோடு சுத்த மரியாதைதான். இரண்டு வருடப் படிப்பு என் வாயால் போனது. ஒருக்கா வந்து எனக்காக அவளோடு கதையுங்கள், அக்கா.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி, இனி அது பலிக்குமென்றால்.

இப்படிக்கு,
வாய் கெட்ட தம்பி,
கோணாமலை

பி.கு.: தபாலில் போடுமுன் செய்தி வந்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டதாம். தாய் செத்தபிறகு தன்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று பெரியவர் எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் பயணம். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். வாய் தவறிக் கேட்டதாக மேலே எழுதியது பொய், அக்கா. அவள் போகக்கூடாதென்று வேண்டுமென்றேதான் கேட்டேன்.