நான்கு கியரும் பின்னால் போன கார்

எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். இருபத்து மூன்று வயதில் எனக்கு எல்லாமே தெரியும். (தெரியாததையும் தம்பி தினேஷுக்கு விளக்குவேன்.)

பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் இரண்டு சீட் கார் ஒன்று, யாரோ பாதியில் கைவிட்டு, பதுளையில் ஒரு கராஜில் கிடந்தது. அதை அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலுக்கு இழுத்து வந்த நாள் முதல், தோட்டத்து லொறி ஓட்டும் அப்பாவுக்குக் கண்ணில் விழுந்த தூசி அது. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம ஒன்னப் பொண்ணு பாக்க வாராங்க. அதுக்குள்ள இது ஓடணும். ஓடலன்னா பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுருவேன்."

மாப்பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கவலையெல்லாம் கார் போய்விடுமே என்றுதான்.

இன்ஜினின் சுற்றலைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷல் மட்டும்தான் குறை. பழைய வேன் ஒன்றிலிருந்து கிடைத்தது. ஆனால் அதைச் சக்கரங்களோடு இணைக்க எங்களிடமிருந்த டிரைவ் ஷாஃப்டுகள், அந்த இரண்டு தண்டுகளும், அதற்குச் சேரவில்லை. இடது பக்கம் எட்டவில்லை, வலது பக்கம் முட்டியது. முறைப்படி லேத்தில் கொடுத்து ஒன்றை வெட்டி, மற்றதை நீட்ட வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் எனக்கு ஞானம் பிறந்தது.

"டேய், டிஃபரன்ஷலத் தலகீழாப் பெரட்டிப் போட்டா? எட்டாத பக்கம் எட்டும், முட்டுற பக்கம் வெலகும்!"

புரட்டினோம். இரண்டு ஷாஃப்டும் கச்சிதமாக உட்கார்ந்தன! சந்தோஷத்தில் தினேஷைத் தூக்கிச் சுற்றினேன்.

மறுநாள் பெரகலயிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் கீழே ரோட்டில் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஏற முடியாது. "நான் போய்க் கூட்டிட்டு வாரேன்!" என்று பட்டுச் சேலையோடு காரில் ஏறி முதல் கியரைப் போட்டேன்.

கார் பின்னால் பாய்ந்தது. என் அம்மாவின் லீக்ஸ் பாத்தி காலி. இரண்டாவதைப் போட்டேன், இன்னும் வேகமாகப் பின்னால்! தலைகீழ் டிஃபரன்ஷல் சக்கரத்தையும் தலைகீழாகத்தான் சுற்றும் என்பது லீக்ஸுக்கு நடுவில்தான் உறைத்தது. முன்னால் போக இருந்தது ரிவர்ஸ் கியர் ஒன்றுதான். அதிலேயே ஊர்ந்து இறங்கினேன்.

அந்த அம்மாவை ஏற்றி, திருப்பாமலே முதல் கியரைப் போட்டேன்.

"ஏம்மா, வண்டியத் திருப்பலயா?"

"ஏத்தத்துக்கு இப்படித்தாங்க அத்தை நல்லது." (அத்தை! இன்னும் காப்பிகூடக் கொடுக்கவில்லை.)

இடமில்லாததால் மாப்பிள்ளை காரைத் துரத்திக்கொண்டு ஓடி வந்தார். காரின் முகம் அவர் பக்கம். பெண் பார்க்க வந்தவரை ஏற்றம் முழுக்க நான்தான் பார்த்தேன். (பின்கண்ணாடியைப் பார்த்திருந்தால் வாசலில் போட்டிருந்த நாற்காலிகள் தப்பியிருக்கும்.)

"என்னா புள்ள இது?" என்று அப்பா கத்தினார்.

"ஓடணும்னுதானப்பா சொன்னீங்க. எந்தப் பக்கம்னு சொல்லலயே!"

அப்பா வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காத்தே மொகத்துல அடிக்கலங்க. இந்த வண்டிய வித்துறாதீங்க."

கார் பிழைத்தது. டிஃபரன்ஷலை நிமிர்த்தி, ஷாஃப்டுகளை லேத்தில் கொடுத்துச் சரிசெய்தோம். ஆனாலும் இன்றுவரை நான் சாவியைக் கையில் எடுத்தால் போதும், வீடு அதிர அத்தை குரல் கொடுப்பார்:

"யாரும் வண்டிக்குப் பின்னால நிக்காதீங்க, மருமக முன்னால போகப் போறா!"