முப்பதுக்கு இருபத்தொன்பது வாங்கிய அப்பாவைப் பற்றி

மதிப்புக்குரிய அண்ணன் எலிசியோவுக்கு,

தங்கை ஒத்திலியா வணக்கத்துடன் எழுதுவது. சிகாகோவில் அண்ணியும் பிள்ளைகளும் பனியைச் சமாளித்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம். அந்தச் சொல் எந்த அளவுக்குச் சரி என்று விளக்கத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

பல்கலைக்கழகத்தின் ஞாபகச் சோதனையில் முப்பதுக்கு இருபத்தொன்பது வாங்கியதாக அப்பா உங்களிடம் சொன்னார். தபால்காரரிடமும் சொன்னார், எரிவாயு மீட்டர் பார்க்க வந்தவரிடமும் சொன்னார். அந்தக் காகிதம் குளிர்பெட்டிக் கதவில், உங்கள் கல்யாணப் படத்தை மறைத்துக்கொண்டு ஒட்டியிருக்கிறது. அதைக் கேட்டுத்தான் நீங்கள், "அவரு நல்லாத்தானே இருக்காரு, வண்டிச் சாவியக் குடுத்துடு" என்றீர்கள். நான் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். செப்டம்பரில் ரொட்டி வாங்கப் போனவர் பிக்கப் வண்டியை நாற்பது மைல் தள்ளி ஒரு பருத்தி வயலோரம் நிறுத்திவிட்டு, அம்மா வேலை முடிந்து வருவதற்காகக் காத்திருந்தார். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து சாவியை மூன்று தடவை இடம் மாற்றி ஒளித்து வைத்திருக்கிறேன். இப்போது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குக்கூடச் சொல்லப் போவதில்லை.

அந்த இருபத்தொன்பது எப்படி வந்தது என்பதைக் கேளுங்கள். நம்மைப் போல ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களில் மறதி நோய் எப்படி வருகிறது என்ற ஆராய்ச்சிக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதுதான் என் உத்தியோகம் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு வருபவை பெயரில்லாத எண்கள். போன மாதம் வந்த எண்களில், ஒரே தெருவில் அறுபது வயதைத் தாண்டிய முப்பத்தேழு பேர், சோதனையில் சொல்லிக் கொடுத்துச் சற்று நேரம் கழித்துக் கேட்கும் ஐந்து வார்த்தைகளையும் (மறதியை முக்கியமாகக் காட்டிக்கொடுப்பது அவைதான்) ஒன்றுகூட விடாமல் திருப்பிச் சொல்லியிருந்தார்கள். வரிசைகூட மாறவில்லை. அது இயற்கையில் நடக்காது. மூன்று நாள் என் கணக்கில்தான் பிழை என்று தேடினேன். நான்காம் நாள், வீடு வீடாகச் சோதனை நடத்தும் நெல்டாவின் குறிப்புகளைப் படித்தேன். "பதினோரு பேர் ஐந்தாவது வார்த்தையைச் சொல்லி முடித்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்" என்று எழுதியிருந்தாள். தெருவின் பெயரைப் பார்த்தேன். நம் தெரு.

நெல்டாவை அழைத்துக் கேட்டேன். சோதனை நேரத்தில் அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது விதி. "நீங்க சொல்லிடுவீங்க. அவங்க வீட்டுக்குப் போய், அவங்க காப்பியக் குடிச்சுட்டு, அவங்க பொண்டாட்டி புள்ளைங்கள வெளிய போங்கன்னு நான் எப்பிடிச் சொல்றது?" என்றாள். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஆறேழு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் ஒரு சங்கதியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்களா?

சனிக்கிழமை நெல்டாவையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டு எர்மினியா அம்மாள் வீட்டுக்குப் போனேன். கிறிஸ்துமஸுக்குத் தமால் கொழுக்கட்டை செய்து கொண்டிருந்தார்கள். சமையலறையில் பதினான்கு பேர், சோளத் தோகையில் மாவு தடவியபடி. நடுவில் அப்பா, கையில் ஜெபமாலையுடன். நான் வாயைத் திறப்பதற்குள் எர்மினியா அம்மாள், "படிச்சவ வந்துட்டா கணக்குக் கேக்க. கைய கழுவிட்டு வந்து கேளு" என்றாள். கழுவினேன். மாவும் தடவினேன்.

எல்லாம் வெளியே வந்தது. முதலில் சோதனைக்கு உட்கார்ந்த ரெஃப்யூஹியாவுக்கு இரண்டு வார்த்தைதான் நினைவு வந்ததாம். "ஒரு வாரம் அவ பூசைக்கே வரலடி. மொகத்த எங்க வச்சிக்கறதுன்னு கெடந்தா. அப்புறம்தான் தெருவே சேந்து ஒரு முடிவு பண்ணோம்" என்றாள் எர்மினியா அம்மாள். முடிவு என்னவென்றால், ஜெபமாலையில் பத்துப் பத்து மணிகளாக உள்ள ஐந்து வரிசைகளில், ஒவ்வொன்றையும் தொடங்கும் பெரிய மணிக்குச் சோதனையின் ஒரு வார்த்தை. முதல் பத்துக்குக் குதிரை, இரண்டாவதுக்கு ஜன்னல், பிறகு எலுமிச்சை, ஏணி, பட்டு. ஒன்பது நாள் ஜெபித்திருக்கிறார்கள்.

"இது ஏமாத்து வேலை இல்லையா?" என்றேன்.

"கடவுள்கிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சோம். அதுல என்ன ஏமாத்து?"

அண்ணா, நான் உங்களைப்போல் பக்தி உள்ளவள் இல்லை. கண்ணால் கண்டதைக்கூட இரண்டாம் முறை சரிபார்ப்பவள். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அப்பாவைத்தான் ஜெபத்தை நடத்தச் சொன்னார்கள். காலையில் மூன்று தடவை "சாப்டியாம்மா?" என்று என்னைக் கேட்ட அதே அப்பா. குதிரை என்றார், பத்து மணிகளும் விரலில் உருண்டன. இரண்டாவது பெரிய மணியில் கை நின்றது. சமையலறையே நின்றது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, யாரும் இருமக்கூட இல்லை. பதினான்கு பேரும் மாவுக் கையோடு காத்திருந்தார்கள், அடுப்பில் தண்ணீர் மட்டும் கொதித்தது. எவ்வளவு நேரம் என்று நான் கணக்கெடுக்கவில்லை. என் உத்தியோகத்தில் அது பெரிய தவறு. பிறகு அப்பா கண்ணைத் திறக்காமலே "ஜன்னல்" என்றார். பதினான்கு குரலும் ஒன்றாகக் கிளம்பின. இருபது வருடமாக ஞாபகத்தை ஒரு தலைக்குள் இருக்கும் சரக்கு என்று நினைத்து அளந்து வந்திருக்கிறேன். அன்று அது ஒரு சமையலறை முழுக்க இருந்தது. அதை எழுத என் அட்டவணையில் கட்டம் இல்லை.

ஆனாலும் வேலை வேலைதான். எல்லோரையும் முற்றத்துக்கு அனுப்பிவிட்டு (அதற்காக எர்மினியா அம்மாள் இன்னும் என்னோடு பேசுவதில்லை) நெல்டா புதிய பட்டியலில் இருந்து வேறு ஐந்து வார்த்தைகள் படித்தாள். நான் பாத்திரம் கழுவுவதுபோல் திரும்பி நின்றுகொண்டேன். சற்று நேரம் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்டாள். அப்பா சிரித்தார். "இந்த அஞ்சும் நம்ம தெருவுக்கு இன்னும் வரலியேம்மா" என்றார். ஐந்துக்குப் பூஜ்யம்.

ஆகவே அண்ணா, குளிர்பெட்டியில் இருப்பதை நம்பாதீர்கள். முப்பத்தேழு பேரின் எண்களையும் "பயன்படுத்தக்கூடாது" என்று குறித்துவிட்டேன், மறுபடி சோதிப்பார்கள். அப்பாவுக்கு ஜனவரியில் மருத்துவரிடம் நாள் வாங்கியிருக்கிறேன். நீங்கள் வந்து பக்கத்தில் இருங்கள். தான் என்ன செய்கிறோம் என்பது அவருக்கே தெரியாத நிலை வந்துவிட்டது என்பதே என் முடிவு. அதனால் சாவியைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு அப்பாவின் ஆசி. இன்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒத்திலியா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போனபோது, சாவி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. வைத்த இடம் எனக்கு மறந்துவிட்டது. இரண்டு மணி நேரம் வீட்டைப் புரட்டினேன். அப்பா நாற்காலியில் இருந்தபடி, "வண்டிச் சாவியா? அம்மாவோட பொத்தான் டப்பாவுல இருக்கு" என்றார். இருந்தது. "உங்களுக்கு எப்பலேருந்துப்பா தெரியும்?" என்றேன். "நீ வச்ச அன்னிலேருந்து." "அப்ப ஏன் எடுக்கல?" அப்பா என்னைப் பார்த்த பார்வை, நான் சின்ன வயதில் கணக்கில் தப்புப் போட்டால் பார்ப்பாரே, அது. "எடுத்தா ஓட்டிடுவேன்ல" என்றார். சாவியை அதே டப்பாவில் வைத்துவிட்டேன். மேலே எழுதியதில் எந்த வரியை அடிப்பது என்று தெரியவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.