நூறாவது நேயர்

மூசா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவர் முடிவுக்கு வருவதெல்லாம் வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பிறகுதான். அதனால் முடிவுகள் எப்போதும் கொஞ்சம் கனமாகவே இருக்கும். இந்த வாரத்து முடிவு, மனைவி அஸ்மத் பீவியின் கையிலிருக்கும் எட்டு தங்க வளையல்களையும் கழற்ற வைப்பது. சண்டை போட்டு அல்ல, தன் புகழைக் காட்டி.

புகழ் உண்மையிலேயே இருந்தது. புஜைரா துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, பருப்பு, கயிறு சப்ளை செய்யும் கம்பெனியில் மூசா ஸ்டோர் கீப்பர். வெள்ளி மாலை மட்டும் அவர் வேறு ஆள். ஓர் இணைய வானொலியில் ‘கையில் காசு’ நிகழ்ச்சி நடத்தும் நிதி ஆலோசகர். அரை மணி நேரம், வாரத்துக்கு ஒரு நேயர். அந்த நேயர் பேசுவது ஐந்து நிமிடம், மீதியெல்லாம் மூசா. அடுத்த வாரம் நூறாவது நிகழ்ச்சி.

படுக்கையறைதான் ஸ்டுடியோ. ஏ.சி. இரைகிறதென்று அதை அணைத்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்க மூசா உபதேசம் செய்வார். நேயர்களின் போனை எடுப்பது அஸ்மத் பீவியின் வேலை. சமையலறையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேர், ஊர் எல்லாம் விசாரித்து, அவர் கண்ணைக் காட்டும்போது போனைக் கொண்டு வந்து மைக்குக்கு முன்னால் வைப்பாள். அவ்வளவுதான் அவள் பங்கு என்று மூசா நினைத்திருந்தார்.

ஒரே ஒரு விஷயம்தான் அவருக்கே ஆச்சரியம். நேயர்கள் அவரிடம் எதிர்த்து ஒரு கேள்வி கேட்பதில்லை. “மனசு லேசாயிருச்சு சார்” என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். அவர் இன்னும் வாயைத் திறந்திருக்கவே மாட்டார். தன் குரலின் மகிமை என்று அதற்கு அவர் ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

இனி வளையல் விஷயம். அடுத்த வருடம் மூசாவுக்கு வேலை முடிகிறது. ஊருக்குப் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். துபாயில் நடந்த கண்காட்சியில் ‘விமான நகர்’ என்று ஒரு மனை விற்பனையைப் பார்த்துவிட்டு வந்தார். விமான நிலையம் வரப்போகிறதாம். நாற்பத்து மூன்றாம் நம்பர் மனையைக் கண்ணாலேயே வாங்கிவிட்டார். அட்வான்ஸ் மட்டும் கையால் கொடுக்க வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருடச் சேமிப்பு முழுவதையும் போட்டாலும் எட்டு வளையல் குறைந்தது.

“அஸ்மத்து, வளையலத் தந்துரு. மனை வெலை ஏறுனதும் பதினாறா வாங்கித் தர்றேன்.”

“மனைய யாரு போயிப் பாத்தா மச்சான்?”

“அவன் குடுத்த புத்தகத்துல கலர் கலரா படம் போட்டிருக்கான்ல.”

“படத்துல நான்கூட செவப்பாத்தான் இருப்பேன்.”

“உனக்கு என்ன தெரியும்? தொண்ணூத்தொம்பது பேரு எங்கிட்ட யோசனை கேட்டிருக்கான்.”

“கேட்டாங்க. உருப்பட்டாங்களா?”

மூசாவுக்குச் சுருக்கென்றது. அஸ்மத் பீவி வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தாள்.

“நூறாவது நிகழ்ச்சியில மறக்க முடியாத நேயரு மூணு பேரைக் கூப்பிடுங்க. ஒங்க யோசனையக் கேட்டு ஒருத்தராச்சும் உருப்பட்டிருந்தா, எட்டு வளையலையும் கழட்டி மைக்குக்கு முன்னாலயே வச்சிர்றேன்.”

“ஒருத்தரும் இல்லேன்னா?”

“நான் சொல்றதை நீங்க கேக்கணும்.”

“பந்தயமா?”

“பந்தயம் ஹராம் மச்சான். இது ஒப்பந்தம். அதனால ரேடியோவுலயே சொல்லிருங்க, நாலு பேரு சாட்சியா இருக்கட்டும்.”

“மூணு பேரையும் நான்தான் பொறுக்குவேன். நான்தான் போன் போடுவேன். நீ பக்கத்துல உக்காந்து வாயத் தொறக்காம கேக்கணும்.”

“சரி” என்றாள். அவள் இத்தனை சுலபமாகச் சரி என்றபோதே மூசா உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவள் உடனே சரி சொன்ன எதுவும் அவருக்குச் சரியாக முடிந்ததில்லை.

அடுத்த வெள்ளி மாலை நான்கு மணி. ஏ.சி. அணைந்தது. மூசா ஒப்பந்தத்தைக் கணீரென்று உலகுக்கு அறிவித்துவிட்டு முதல் நேயரைக் கூப்பிட்டார். ராஸ் அல் கைமாவில் கல் உடைக்கும் ஆலையில் வேலை பார்க்கும் சோலைமுத்து. நிகழ்ச்சி தொடங்கிய முதல் மாதத்திலேயே வந்தவர். சம்பளத்தை எப்போது ஊருக்கு அனுப்புவது என்று கேட்டிருந்தார். பண மாற்று ரேட் ஏறும்வரை கையிலேயே வைத்திருக்கச் சொல்லி மூசா இருபது நிமிடம் விளக்கியிருந்தார்.

“சோலைமுத்து, எப்படி இருக்கீங்க?”

“நல்லாருக்கேன் சார். வீட்டுக்காரி வீரம்மா தோடு, சங்கிலி எல்லாத்தையும் அடகுலேர்ந்து மீட்டாச்சு. மக நர்சிங்கு ரெண்டாவது வருசம் படிக்குது. எங்க வம்சத்துல மொத காலேஜி சார்.”

மூசாவுக்கு உடம்பு சிலிர்த்தது. கல் தூசியில் மூச்சு வாங்கி நிற்கும் ஒரு மனிதன் அங்கே இருந்துகொண்டே ஒரு பெண்ணை நர்ஸ் ஆக்குகிறான். எவ்வளவு பெரிய காரியம்! அந்தப் பெரிய காரியத்தில் தன் பங்கையும் நினைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் வளையல்களைப் பார்த்தார்.

“ரேட் ஏறுற வரைக்கும் பொறுமையா இருந்தீங்கல்ல?”

“இல்லீங்க சார். அக்கா வேணாம்னுட்டாங்க.”

“எந்த அக்கா?”

“போன் எடுக்குற அக்காதான். ரூம்ல எத்தனை பேருன்னு கேட்டாங்க. பன்னெண்டுன்னேன். ‘கையில காச வச்சுக்கிட்டு ரேட்டப் பாத்துக்கிட்டிருந்தா, ரேட்டு ஏறுறதுக்குள்ள மத்த பதினோரு பேரு வீட்டுலயும் யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லாமப் போயிரும். சம்பளம் வந்தன்னைக்கு டூட்டி டிரஸ்ஸோடயே போயி அனுப்பிட்டு, ரூமுக்கு வந்து குளி’ன்னாங்க. அன்னைலேர்ந்து அப்புடித்தான் சார்.”

மூசா மெல்லத் திரும்பினார். அஸ்மத் பீவி ஒப்பந்தப்படி வாயைத் திறக்காமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் ரேடியோவுல சொன்னது?”

“நல்லா இருந்துச்சு சார். ரூம்ல எல்லாரும் கேட்டோம்.”

ஒன்று போனால் போகிறது, இன்னும் இரண்டு இருக்கிறது என்று மூசா தேற்றிக்கொண்டார். அடுத்தது குவைத், மங்காஃப். அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பானுப்பிரியா. லீவுக்கு ஊருக்குப் போனால் ஆளாளுக்குச் சாமான் லிஸ்ட் கொடுக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் கடனோடுதான் திரும்புகிறேன் என்று அழுதவர். ஆஃபர் போடும்போதே ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கும்படி மூசா ஆலோசனை சொல்லியிருந்தார்.

“போன லீவு எப்படிம்மா போச்சு?”

“கடனே இல்லாமத் திரும்பினேன் சார், ஆறு வருஷத்துல மொதத் தடவையா.”

“பாத்தியா!” என்று மூசா வளையல்களைப் பார்த்துச் சொன்னார். “ஆஃபர்லதானே வாங்கினீங்க?”

“எதுவுமே வாங்கலை சார். அக்காதான், ‘வர்ற தேதிய யார்கிட்டயும் சொல்லாதே, போய்க் கதவத் தட்டு’ன்னாங்க. தேதி தெரிஞ்சாத்தானே லிஸ்ட் வரும்? ஒரே ஒரு பையோட போய் எறங்கினேன். அம்மா கதவத் தொறந்தாங்க. பையில என்ன இருக்குன்னு கேக்கவே இல்ல சார். சாப்பிட்டியாடின்னு கேட்டுட்டு, என் கையப் புடிச்சவங்க ராத்திரி வரைக்கும் விடலை.” பானுப்பிரியாவின் குரல் கம்மியது. “இத்தனை வருஷமா சாமானைத் தூக்கிட்டுப் போயிட்டிருந்திருக்கேன். அவங்களுக்கு நான் போனாப் போதும்னு எனக்குத் தெரியவே இல்ல.”

போட்டியில் தோற்றுக்கொண்டிருப்பதுகூட மூசாவுக்கு ஒரு கணம் மறந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றே அஸ்மத் பீவி நினைத்திருப்பாள் என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் மூன்றாவது ஆளை நினைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். துருப்புச் சீட்டே அதுதான். அபுதாபியில் கட்டட வரைபடம் போடும் அனந்தகிருஷ்ணன். விமான நகரில் நாற்பத்திரண்டாம் நம்பர் மனையை வாங்கலாமா என்று போன ஐப்பசியில் கேட்டவர். “கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க, பக்கத்து மனை நான்தான்” என்று மூசா சொல்லியிருந்தார்.

“அனந்தகிருஷ்ணன், நம்ம மனை எப்படி இருக்கு?”

“சார், உங்களுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கேன்.”

மூசா அஸ்மத் பீவியின் பக்கம் கையை நீட்டினார், வளையலை வாங்கிக்கொள்ளத் தோதாக.

“உங்க ப்ரோகிராமுக்குப் போன் பண்ணலேன்னா என் பணம் மொத்தமும் போயிருக்கும் சார். வாங்காமத் தப்பிச்சேன்.”

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

“வாங்கலையா?”

“போன்ல மேடம் ஒண்ணுதான் கேட்டாங்க. ‘படம் எடுத்தது எந்த மாசம்? நல்லா மழை பெஞ்ச மறுநாள் யாரையாச்சும் அங்க போகச் சொல்லுங்க’ன்னாங்க. என் மாமா போனார். வீடியோ அனுப்பினார் சார். அது கண்மாய். நாற்பத்திரண்டாம் நம்பர்ல ரெண்டு பேர் வலை போட்டு மீன் பிடிச்சிட்டிருக்காங்க.”

“நாப்பத்தி மூணு?” என்று கேட்டார் மூசா.

“அதுல ஆழம் ஜாஸ்தி சார்.”

நிகழ்ச்சி எப்படி முடிந்தது என்று மூசாவுக்கு நினைவில்லை. ஏ.சி.யைப் போட்டது அஸ்மத் பீவி. தண்ணீர் கொண்டு வந்ததும் அவள்தான்.

“தெரிஞ்சிருந்தும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அஸ்மத்து?”

“மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் ‘உனக்கு என்ன தெரியும்’னீங்க. பொண்டாட்டி சொன்னா ஒங்களுக்கு ஏறாது, நேயரு சொன்னாத்தான் ஏறும். அதான் நேயரையே சொல்ல வச்சேன்.”

“அனந்தகிருஷ்ணனை நான்தானே பொறுக்கினேன்?”

“அவரை விட்டுட்டு வேற யாரைப் பொறுக்குவீங்க மச்சான்?” அவள் தன் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “தொண்ணூத்தொம்பது பேருக்கு யோசனை சொல்லிட்டேன். நூறாவது நேயரு நீங்கதான்.”

மூசா போனைப் பார்த்தார். எல்லாம் நேயர்கள் அனுப்பிய படங்கள். ஓடு போட்ட கூரை ஒன்று. மீட்டு வந்த ஒரு ஜோடித் தோடு, யாருடைய உள்ளங்கையிலோ. தையல் மெஷினுக்கு முன்னால் சிரிக்கும் ஒரு பெண். முதல் நாள் காலேஜ் வாசலில் வெட்கப்பட்டு நிற்கும் சோலைமுத்துவின் மகள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே அவள் திருப்பி ஏதோ எழுதியிருந்தாள், விசாரித்திருந்தாள், திட்டிக்கூட இருந்தாள். அவர் நிகழ்ச்சி நடத்தியது வாரத்துக்கு அரை மணி நேரம். இவள் அடுப்படியில் நின்று வாரம் முழுக்க நடத்தியிருக்கிறாள். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த ஆளைத் தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று மூசா அசந்துபோய் உட்கார்ந்திருந்தார். அந்த வியப்பில் தோற்ற வருத்தம்கூடக் கரைந்துவிட்டது.

“ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்” என்றார். “சொல்லு, நான் என்ன செய்யணும்?”

“அடுத்த வாரம் மைக்குல நான். போன் எடுக்குறது நீங்க.”

அடுத்த வெள்ளி மூசா அடுப்படியில் நின்றார். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். தோற்றாலும் அவர் மனம் தளரவில்லை. அடுப்படியில் நின்றே தொண்ணூற்றொன்பது பேரை அவள் பிடித்தாளென்றால் தன்னால் மட்டும் முடியாதா? போன் மணி அடித்தது. ஷார்ஜாவிலிருந்து முஆத், மளிகைக் கடை வைத்திருப்பவர்.

“லைன்ல இருங்க தம்பி” என்றார் மூசா, குரலைத் தாழ்த்தி. “அதுக்குள்ள ஒங்க பிரச்சினையச் சொல்லுங்க. எங்கிட்ட ஒரு யோசனை இருக்கு.”

“இருக்கட்டும் காக்கா” என்றார் முஆத், அண்ணனிடம் பேசும் மரியாதையோடு. “அஸ்மத் ராத்தா காலையிலயே எல்லாருக்கும் மெசேஜ் போட்டுட்டாங்க. ‘இன்னைலேர்ந்து புதுசா ஒருத்தரு போன் எடுப்பாரு. நல்ல மனுஷன். பேரும் ஊரும் மட்டும் சொல்லுங்க’ன்னு.”

மூசா பேரையும் ஊரையும் எழுதிக்கொண்டார்.