மீசையின் வலது பாதி

ஐம்பது வயதுவரை என் முகத்தை யாரும் ஆசையாகப் பார்த்ததில்லை (மனைவி பார்த்தது கல்யாணத்துக்கு முன்பு, அதுவும் போட்டோவில்). அப்படி ஒருவர் பார்த்தபோது அதையும் நானே கெடுத்தேன்.

அவர் ஒரு ஓவியர். ஸ்கொட்லாந்தின் வடகோடியில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்து, மீன் வெட்டுகிறவர்களையும் வலை தைக்கிறவர்களையும் வரைந்தே பெயர் எடுத்த அம்மா. லண்டனுக்கு வந்த பிறகும் உழைக்கிற முகங்களைத்தான் தேடினார். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருந்த என் கடைக்குக் கத்தரிக்காய் வாங்க வந்தவர், கத்தரிக்காயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வரையலாமா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய ஸ்டூடியோவில் அசையாமல் இருந்தேன். பழைய கார்டிகன், நரைத்த தலை, நரைத்த மீசை. கண்ணால் பார்க்காத ஒரு பொத்தானைக்கூட அவர் வரையமாட்டார். என் நரைக்கு மட்டும் மூன்று ஞாயிறு நிறம் குழைத்தார். பல வருட இடைவெளிக்குப் பிறகு அவர் அப்போது வைக்கவிருந்த கண்காட்சியில் நடுச்சுவரே எனக்குத்தான். ஏழாவது ஞாயிறு கடைசி நாள். மற்றதெல்லாம் முடிந்து, மீசையின் வலது பாதிதான் பாக்கி. திங்கள் காலை படம் போயாக வேண்டும்.

சனிக்கிழமை மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கட சனமெல்லாம் வந்து பாக்கப்போகுது. இந்த நரையோடயோ சுவரில தொங்கப்போறியள்?"

நியாயமாகப் பட்டது. தலைக்கும் மீசைக்கும் கறுப்பு டை அடித்தேன். மைத்துனரின் கோட்டையும் மாட்டிக்கொண்டு, மறுநாள் மாப்பிள்ளை மாதிரிப் போய் நின்றேன். ஓவியர் மகிழ்ச்சியில் பேச்சிழப்பார் என்று நினைத்தேன். பேச்சிழந்தார்.

கழுவினால் போகுமா என்று மெல்லக் கேட்டார். ஆறு கிழமைக்குப் போகாது என்று பெருமையாகச் சொன்னேன் (அட மடையா). அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், அவருடைய நடுச்சுவரை நான் காலியாக்கிவிட்டேன் என்பது மண்டையில் ஏறியது. வெட்கத்தில் அழுகையே வந்தது. போன கிழமை நரையை நினைத்து வரைந்துவிடுங்களேன் என்று கெஞ்சினேன்.

"நான் பார்ப்பதைத்தான் வரைவேன். உட்காருங்கள்," என்றார்.

கண்காட்சியில் நான் நடுச்சுவரில் தொங்கினேன். மீசையில் இடது பாதி நரை, வலது பாதி கன்னங்கரேல். கூட்டமெல்லாம் என் முன்னால்தான். வயதோடு மல்லுக்கட்டும் மனிதனின் வேதனை இது என்று ஒருவர் தன் நண்பருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஓவியர் அவருக்குப் பணிவாகத் தலையாட்டிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். கேட்பவர், டை அடிக்க வைத்த அதே ஆள்தான்.

"இது எந்தப் பக்கத்து மீசை சொல்லுது?"