பொருத்தத்தார் பார்த்த லைன்

யாழ்ப்பாணத்தில் இன்ரநெற் கொம்பனியிடம் சாதகக் குறிப்புக் கேட்ட மனிதர் ஒருவர்தான். உலகத்திலேயே ஒருவர்தான் என்றும் சொல்வேன். மறுப்பவர்கள் இன்னொருவரைக் கொண்டுவந்து காட்டட்டும். அவர் எங்கள் கொக்குவில் ஒழுங்கையில் இருந்த கலியாணத் தரகர். பெயர் பொருத்தத்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்கும். அது தபால்காரருக்கும் விதானையாருக்கும் மட்டும் தெரிந்த இரகசியம்.

அரைக்கைச் சட்டைப் பையில் மூன்று பேனை, கக்கத்தில் ஒரு பைல் கட்டு, ஏறி வருவது அவரைவிடக் கொஞ்சம் இளமையான ஒரு மோட்டச்சைக்கிள். அந்தச் சத்தம் கேட்டால், கலியாண வயதில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் அவசரமாக முற்றம் கூட்டத் தொடங்குவார்கள். படலையடியில் நின்று இரண்டுதரம் இருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். பொருத்தம் சரிவரும்வரை அந்த வீட்டில் வாய் நனைக்கமாட்டார். தேத்தண்ணி குடித்தால் நாக்கு அந்த வீட்டுப் பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவருடைய தொழில் தர்மம். தான் சேர்த்துவைத்த ஒரு சோடியும் பிரிந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமைக்கு ஒரேயொரு கறை இருந்தது. அது நான்.

என்னையும் இவரையும், அதாவது என் கணவரையும், சேர்த்துவைத்தவர் பொருத்தத்தார்தான். இவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வாத்தியார். நான் கட்டடப் படம் கீறுகிறவள், வேலை கொழும்பில். ஆறு வருடமாக நான் வெள்ளவத்தையில் ஓர் அறையில், இவரும் மகளும் கொக்குவிலில். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ரயிலில் வந்து, மகளுக்குத் தலை இழுத்துப் பின்னி, நாலு நாளுக்குக் கறி வைத்துவிட்டுத் திரும்பிப் போவேன். ஒருமுறை நான் வந்து இறங்கியபோது மகள் கதிரையைக் காட்டி, "வாங்கோ, இருங்கோ" என்றாள், விருந்தாளிக்குச் சொல்வதுபோல. அடுத்தநாள் போகும்போது கொடிகாமம் தாண்டும்வரை அழுதுகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒஸ்லோவில் ஒரு கட்டடக் கொம்பனி எனக்கு வேலை தரச் சம்மதித்தது. வீட்டிலிருந்தே படம் கீறி அனுப்பலாம். ஆனால் முதலில் ஒரு மாதம் பரீட்சை. ஒவ்வொரு நாளும் எங்கள் நேரம் இரண்டரை மணிக்கு வீடியோவில் சந்தித்து, படத்தைத் திரையில் வைத்தபடியே திருத்தவேண்டும். அங்கே மேலாளராக இருந்த அம்மா நல்ல மனுசி. சிரித்துக்கொண்டே சொன்னார், மாதம் முடிவதற்குள் மூன்றுதரம் லைன் அறுந்தால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று. கொழும்பு வேலையில் ஒரு மாத லீவு போட்டுவிட்டு வந்தேன். லைன் சரிவந்தால் வீடு, இல்லாவிட்டால் திரும்பவும் வெள்ளவத்தை அறை.

வந்த அடுத்தநாள் காலை, படலையடியில் இரண்டு இருமல்.

"பிள்ளை, நீ இனி இஞ்சைதான் நிக்கப்போறியாம். உண்மையோ?"

"லைன் நல்லா வாய்ச்சால் நிப்பன், ஐயா. எந்தக் கொம்பனி நல்லதெண்டுதான் விளங்கேல்லை."

"அப்ப உதை என்னட்டை விடு."

"ஐயா, இது இன்ரநெற்."

"எதெண்டால் என்ன? ரெண்டு பகுதியும் காலம் முழுக்க ஒண்டாயிருக்கோணும். நம்பி எடுக்கோணும். எடுத்தாப்போலை மாத்திறது கரைச்சல். நான் நாப்பது வருசமா உதைத்தானே செய்யிறன்?"

அவர் வாழ்க்கையில் கொம்பியூட்டரைத் தொட்டது கிடையாது. ஆனாலும் வேலையை அவரிடமே விட்டேன்.

சந்தியில் ஒரு கொம்பனிக்காரர் பெரிய குடை விரித்து, மேசை போட்டு, துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோபுரத்திலிருந்து காற்றில் பிடிக்கிற பெட்டி விற்பவர்கள். பெயர் வேண்டாம், குடைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். பொருத்தத்தார் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார்.

"தம்பி, உங்கடை கொம்பனியின்ரை குறிப்பு இருக்கோ?"

"என்ன குறிப்பு, ஐயா?"

"பிறந்த திகதி, நேரம், இடம்."

விற்பனைக்கு நின்றவர் சிரித்தார். பொருத்தத்தார் சிரிக்கவில்லை. "தொடங்கி எத்தினை வருசமெண்டுகூடத் தெரியாமல் சம்பந்தம் கதைக்க வந்து நிக்கிறீரோ?"

அவர் பாவம், துண்டுப்பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த வேகத்தைக் காட்டினார். பொருத்தத்தார் அதைக் கையால் தள்ளிவிட்டார்.

"உது பொம்பிளை பாக்க வரேக்கை மாப்பிள்ளை போட்டுக்கொண்டு வாற கோட்டு. வீட்டிலை சாரத்தோடை எப்பிடி இருப்பார்? அதைச் சொல்லும். பின்னேரத்திலை என்ன வேகம்? இந்தப் பிள்ளை படம் அனுப்புறவள். கீழை இறக்கிற வேகம் கிடக்கட்டும், மேலை அனுப்புற வேகம் என்ன? கூடப் பாவிச்சால் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு மெதுவாப் போகுமோ? நிண்டுபோனால் ஆள் யாழ்ப்பாணத்திலை இருந்து வருமோ, கொழும்பிலை இருந்து வருமோ?"

மூன்று நாளாகக் கொம்பனிகளின் பக்கங்களைத் தேடித்தேடி வாசித்த எனக்கு இந்தக் கேள்விகளில் பாதி தோன்றவில்லை. குடைக்காரருக்குப் பதிலில் பாதி தெரியவில்லை.

அதன்பிறகு விசாரணை. கொக்குவில் முழுக்கப் போனார். சண்டிலிப்பாய் போனார், புத்தூர் போனார். எந்த வீட்டில் எந்தப் பெட்டி இருக்கிறது என்று கொப்பியில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு படலையிலும் இருமி, உள்ளே போய்க் கேட்டார். குடைக்காரரின் பெட்டிக்கு எல்லா இடத்திலும் ஒரே புகழ். சண்டிலிப்பாயில் ஒரு தோட்டக்காரர், "தங்கமான பெட்டி, ஐயா. ஒரு கரைச்சலும் தாறேல்லை" என்று சத்தியம் செய்தாராம். அந்தப் பெட்டி இரண்டு மாதமாக வேலை செய்யாமல் அலுமாரிக்கு மேலே கிடந்தது எங்களுக்குப் பின்னர்தான் தெரியும்.

நல்லநேரம் பார்த்து, வீட்டுக்குள் கிழக்குப் பார்க்க வைத்து, பொருத்தத்தாரே பெட்டியின் சுவிச்சைப் போட்டார். தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டேன். "ஒரு மாதம் போகட்டும்" என்றார்.

ஒரு கிழமை போகவில்லை. செவ்வாய்க்கிழமை ஒஸ்லோ அம்மா வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். வியாழக்கிழமை நான் நின்றுபோனேன். அதுவும் கண்ணை மூடிய ஒரு கணத்தில். நான் நித்திரையாகிவிட்டேன் என்று நினைத்து அங்கே இருந்தவர்கள் மரியாதைக்குக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்களாம். பள்ளிக்கூடம் விட்டு, சாப்பிட்டு, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் போனைக் கையில் எடுக்கிற நேரம் அந்த இரண்டரை மணி. கோபுரம் என்ன செய்யும்? அன்று பின்னேரம் ஒஸ்லோவிலிருந்து கடிதம் வந்தது. இரண்டுதரம் ஆகிவிட்டது, இன்னும் ஒன்றுதான் இருக்கிறது என்று மிகப் பண்பாக எழுதியிருந்தார்கள்.

அன்று பொருத்தத்தார் விறாந்தையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அவரை நான் அப்படிக் கண்டதில்லை.

"பிழை என்னிலைதான், பிள்ளை. நான் போய்க் கேட்டால் சனம் எப்பிடிக் குறை சொல்லும்?"

எனக்கு விளங்கவில்லை. என் கணவர்தான் விளங்கப்படுத்தினார். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி வருடம் முழுக்க வாய் வலிக்கக் கதைப்பார்கள். ஆனால் தரகர் வந்து விசாரித்தால் ஒரு குறையும் சொல்லமாட்டார்கள். கலியாணம் குழப்பினவர்கள் என்ற பேர் வந்தால் ஏழு தலைமுறைக்கும் போகாது. நாற்பது வருடமாகப் பொருத்தத்தாரைக் கண்டதும் நல்லது மட்டும் சொல்லிப் பழகிய சனம், பெட்டிக்கும் அதே நற்சாட்சிப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டது.

"இனி ஒருதரையும் கேக்கிறேல்லை," என்று எழும்பினார் பொருத்தத்தார். "கண்ணாலை பாக்கிறதுதான்."

அடுத்தநாளிலிருந்து புதுமுறை. சரியாக இரண்டரைக்கு ஒரு வீட்டுக்குப் போவார். "வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையை ஒருக்கா வீடியோவிலை எடுங்கோ, முகம் பாக்கோணும்" என்பார். அவர் கட்டிவைத்த பிள்ளைகள்தானே, யார் மறுப்பது? எங்கள் இரண்டரை மணி ரொறன்ரோவில் விடியப்புறம். என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு, தலை கலைந்த மருமக்கள் திரைக்கு வருவார்கள்.

"தம்பி, ஒண்டுமில்லை. எல்லாரும் சுகம். கையை ஆட்டும்."

"ஏன் ஐயா?"

"ஆட்டும் எண்டுறன். நிப்பாட்டாதையும்."

அந்தப் பிள்ளைகள் போர்வைக்குள் இருந்து கையை ஆட்டுவார்கள். பொருத்தத்தார் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, கை எத்தனையாவது நிமிடத்தில் நடுவழியில் நிற்கிறது என்று கொப்பியில் எழுதுவார். குடைக்காரரின் பெட்டியில் இரண்டு நிமிடத்துக்கு மேலே ஆட்டியவர்கள் இல்லை. அடுத்த ஒழுங்கையில் ஒரு ரீச்சர் வீடு. வீட்டுக்குள் கம்பி இழுத்து லைன் கொடுக்கிற வேறொரு கொம்பனி. ரீச்சரின் மகன் பதினெட்டு நிமிடம் ஆட்டினார். கடைசியில் நின்றது லைன் இல்லை, அவருடைய தோள்மூட்டு.

அதுவரை நான் வீடியோவில் முகத்தை மறைத்து, படத்தை மட்டும் காட்டிச் சமாளித்தேன். அடுத்தநாளே என்னையும் என் மடிக்கணினியையும் கொண்டுபோய் ரீச்சர் வீட்டு மேசையில் இருத்தினார். ஒவ்வொரு நாளும் இரண்டரைக்கு அங்கேதான் போனேன். ஆனால் ரீச்சரின் மகன் குடும்பம் மாதக் கடைசியில் வந்து இறங்க இருந்தது. அதற்குள் எங்கள் வீட்டுக்குக் கம்பி வரவேண்டும். கம்பிக்காரரிடம் கேட்டால், எட்டு வீடு சேர்ந்தால்தான் உங்கள் ஒழுங்கைக்கு இழுப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

எட்டு வீடு. சில சோடிகளுக்கு எட்டு வருடம் அலைந்த பொருத்தத்தாருக்கு இது இரண்டு நாள் வேலை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கதை. மகளுக்குச் சோதனை வருகிற வீட்டில் படிப்பைப் பற்றிக் கதைத்தார். நாடகம் பார்க்கிற வீட்டில் நாடகத்தைப் பற்றி. மூலைவீட்டுக்காரர் அசையவில்லை. அவரிடம், "எதிர்வீட்டுக்கு எடுக்கினம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். அவர் பின்னாலேயே ஓடிவந்து கையெழுத்துப் போட்டார். ஏழு வீடு சேர்ந்துவிட்டது. எட்டாவது வீட்டுக்கு ஆளில்லை.

அடுத்தநாள் விண்ணப்பங்களைக் கொண்டுவந்து தந்தார். எண்ணிப் பார்த்தேன். எட்டு இருந்தது. எட்டாவதில் அவருடைய வீட்டு இலக்கம். தனி மனுசன், கலியாணம் கட்டாதவர். வீட்டில் ஒரு ரேடியோவைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஐயா, உங்களுக்கு என்னத்துக்கு?"

"கிடந்திட்டுப் போகட்டுமன்," என்றார். அதற்குமேல் கதைக்க விடவில்லை.

கம்பி வந்தது. மாதத்தின் கடைசிநாளும் வந்தது, கூடவே மாரி மழையும். பொருத்தத்தார் காலையிலேயே வந்து, றவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு பழைய பற்றறியை வைத்து, கரண்ட்காரப் பெடியன் ஒருவனைக் கொண்டு வயர் பூட்டுவித்தார். "பெட்டியிலை பன்னிரண்டு வோல்ட் எண்டு போட்டிருக்கு. உதுவும் பன்னிரண்டு." இரண்டே முக்காலுக்கு ஒழுங்கை முழுக்கக் கரண்ட் போனது. விசிறி நின்றது. றவுட்டரின் வெளிச்சம் மட்டும் அசையவில்லை. ஒஸ்லோ அம்மா நான்காம் பக்கத்துப் படிக்கட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தார். இங்கே கரண்ட் போனதை அவர் இன்றுவரை அறியமாட்டார்.

சந்திப்பு முடிய, அடுத்த மாதத்திலிருந்து நிரந்தரம் என்றார். நான் வெளியே வந்து சொன்னேன். இவர் மகளைத் தூக்கிக்கொண்டார். பொருத்தத்தார் விறாந்தைக் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்து, "இப்ப தேத்தண்ணி கொண்டாவன் பிள்ளை" என்றார். குடித்துவிட்டுச் சீனி காணாது என்றார். மழைக்குள் அவர் நடந்துபோனபோதுதான் பற்றறி எந்த மோட்டச்சைக்கிளிலிருந்து வந்தது என்று விளங்கியது.

கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எட்டாவது வீட்டுக்கு வந்த லைனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று பொருத்தத்தாருக்குத் தெரியவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய தங்கச்சி கேள்விப்பட்டு ஒரு ரப்லெற் அனுப்பினார். நான்தான் போய் இணைத்துக் கொடுத்தேன். அதுவரை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கதைத்த தங்கச்சி, ஒவ்வொரு நாளும் முகம் பார்க்கத் தொடங்கினார். அண்ணை மூன்று நேரமும் பாணும் சம்பலும் சாப்பிடுவதைக் கண்டார். கிணற்றடிக்குப் போக எழும்பும்போது சுவரைப் பிடிப்பதைக் கண்டார். குடைக்காரரின் பெட்டியென்றால் பாதி மங்கலாகத் தெரிந்திருக்கும். கம்பி லைனில் ஒன்றையும் ஒளிக்க முடியவில்லை.

"என்ரை அண்ணையை இனி அங்கை தனிய விடமாட்டன்" என்று தங்கச்சி ஒற்றைக்காலில் நின்றார். ஒன்றரை வருடத்தில் விசா வந்தது. போகிற அன்று பொருத்தத்தார் வந்து, "போட்டு வாறன், பிள்ளை. ரெண்டு பேரும் ஒண்டாயிருங்கோ" என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் வாகனத்தில் ஏறினார்.

இப்போதும் கிழமைக்கு ஒருக்கால் கதைப்பார். சுகம் கேட்பதற்கு முன்னர் லைன் எப்படி என்று கேட்பார். நல்லது என்பேன். பொய்யில்லை, இன்றுவரை ஒருநாளும் அறுந்ததில்லை. என்னை வீட்டில் இருத்துவதற்கு அவர் இழுத்த கம்பிதான் அவரை வீட்டிலிருந்து கொண்டுபோனது என்பதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த பிளேனில் வந்து கம்பியை அறுத்துவிடக்கூடிய மனுசன்.

வந்து அறுக்கட்டுமே என்றும் சில நாள் எனக்குத் தோன்றும்.