சர்க்கார் பீர் கொடுத்த ஊர்

இங்கிலீஷ் தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவனால்தான் வரும். யுத்தம் முடிந்த சமயம், அந்த ரகத்தில் என்னை மிஞ்சத் தூத்துக்குடியிலேயே ஆள் கிடையாது. நாசரேத்தில் மிஷன் படிப்பு, புதுக் குமாஸ்தா உத்தியோகம், கழுத்தில் டை வேறு. (சித்திரை வெயிலில்!)

அந்த வருஷ பட்ஜெட்டில் கடற்கரை ஊர்களுக்கென்று சர்க்கார் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருந்தது. கீழவைப்பாருக்குப் பக்கத்தில் ஒரு மீனவ ஊரில் வேலை தொடங்கலாமா என்று பார்க்க வெள்ளைக்கார இன்ஜினியர் துரை கிளம்பினார். வழக்கமாக அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் தலைமைக் குமாஸ்தாவுக்கு வயிற்றுப்போக்கு. "நான் போகிறேன் சார்" என்று துள்ளி எழுந்தவன் நான்தான்.

மாதா கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஊரார் சம்மதித்துக் கை தூக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும் என்றார் துரை. அதுவரை என் தமிழ் பிரமாதம்.

அடுத்து, வாயிலிருந்த சுருட்டை எடுக்காமலே, சர்க்கார் உங்களுக்கு ஒரு 'பியர்' தரப்போகிறது என்றார்.

கடலுக்குள் நீட்டிக் கட்டுகிற படகுத்துறைப் பாலத்துக்கு இங்கிலீஷில் அப்படிப் பெயர். இது இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்த பியர் சீசாவில் வருவது ஒன்றுதான். அதுவும் கேள்வி ஞானம். (எங்கள் வீட்டில் சோடா உடைக்கிற சத்தம் கேட்டாலே அப்பா ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவார்.) கள்ளுக்கடைகளை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட காலம். அதற்குப் பதிலாக இது போலிருக்கிறது என்று நானே நியாயம் கற்பித்துக்கொண்டு, உரக்க அறிவித்தேன்:

"சர்க்கார் இந்த ஊருக்கு பீர் கொடுக்கப் போகுது! வெள்ளைக்காரங்க குடிக்கிற அதே பீர்!"

ஊர்ப் பெரியவர் சவேரி அண்ணாச்சி மெல்ல எழுந்தார். "தம்பி, நெசமாத்தான் சொல்லுதியளா?"

"சர்க்கார் வாக்கு அண்ணாச்சி."

அது கடலுக்குள் வெகுதூரம் ஓடும் என்றார் துரை. "கடல் மாதிரி ஓடும்" என்றேன். எல்லாப் படகுக்கும் இடமுண்டு என்றார். "படகுக்குப் படகு உண்டு" என்றேன். புயலிலும் நிற்கும் என்றார். "புயல் நாளிலும் கிடைக்கும்" என்றேன்.

ஆண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். சிலர் இரண்டு கையையும்.

மீன் விற்கும் ரோசம்மா அக்கா கூடையை இடுப்பில் இடுக்கியபடி நேரே துரையிடம் வந்தாள். "இவனுவ குடிக்கது காணாதுன்னு சர்க்காரு வேற ஊத்திக் குடுக்குதாக்கும்? உங்க துட்டை எடுத்துக்கிட்டுப் போங்கய்யா!"

பெண்கள் எழுந்து நடையைக் கட்டினார்கள். அவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று துரை என்னைக் கேட்டார். புருஷன்மார் எல்லாவற்றையும் குடித்துத் தீர்த்துவிடுவார்களாம் என்று இலக்கண சுத்தமான இங்கிலீஷில் விளக்கினேன்.

துரை முதல் தடவையாகச் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். என்னையே பார்த்தார். பிறகு குனிந்து கைத்தடியால் மணலில் கரையை வரைந்தார். கரையிலிருந்து கடலுக்குள் நீளமாக ஒரு பாலம். இரண்டு பக்கமும் படகுகள். நான் டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன்.

இதையும் ஊருக்கு நான்தானே சொல்லியாக வேண்டும்? "மன்னிக்கணும்... பீர் இல்ல. பாலம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரோசம்மா அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"பாலமா? அப்ப நாங்க நெஞ்சளவு தண்ணியில நின்னு மீன் இறக்க வேண்டாமா?"

"வேண்டாம்க்கா."

பெண்கள் திரும்பி வந்து கை தூக்கினார்கள். ஆண்களின் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அக்கா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். இறங்கின கையெல்லாம் மறுபடி ஏறின. பாலமும் வந்தது.

பாலம் முடிந்த கையோடு எனக்குக் கல்யாணம். மாமனார் சாத்தான்குளத்தில் உபதேசியார். குடிக்கு எதிராகப் பிரசங்கம் செய்வதில் பேர்போனவர். கல்யாணத்துக்குப் பாலம் வந்த ஊர்க்காரர்கள் ஆளுயரச் சீலா மீனோடு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையை எப்படித் தெரியும் என்று மாமனார் கேட்க, சவேரி அண்ணாச்சி பந்தலே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

"எங்க ஊருக்கு பீர் கொண்டாந்ததே இவருதானே!"

தாலி கட்டியாகிவிட்டது, பிழைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன், மாமனார் தலையாட்டினார். ஆனால் குடும்ப ஜெபத்தில் என் பேர் வரும்போது மட்டும், "அந்தப் பழக்கத்திலிருந்து இவரை விடுவியும் ஆண்டவரே" என்று ஒரு வரி கூடிவிட்டது. கண்மூடும் வரை மனுஷர் அதை விடவில்லை. இப்போது என் மனைவி அதைத் தொடர்கிறாள். பேரப்பிள்ளைகள் மற்ற வரிக்கெல்லாம் தூங்கிவிழுவார்கள். அந்த வரிக்கு மட்டும் தெருவே கேட்க ஆமென் சொல்லுவார்கள்.